நான் சாகாமல் போன சனிக்கிழமை

கத்தோலிக்கர் வீடுகளில் ஒருவர் சாகும் தறுவாயில் இருந்தால் சாமியாரைக் கூப்பிடுவார்கள். அவர் வந்து, செய்த பாவங்களையெல்லாம் சொல்லவைத்துப் பாவசங்கீர்த்தனம் கேட்பார், நற்கருணை அப்பம் கொடுப்பார், பிறகு கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று ஒவ்வொன்றாக மந்திரித்த எண்ணெய் தொட்டு வைப்பார். அதற்கு அவஸ்தைப் பூசுதல் என்று பெயர். பெரும்பாலோர் அதைக் கடைசிக் காலத்தில், நினைவு தப்பிய நிலையில் பெற்றுக்கொள்வார்கள். நான் இருபத்து நாலாவது வயதில், நல்ல தேக சுகத்தோடு, வயிறு நிறையக் காபியோடு பெற்றுக்கொண்டேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. குடும்பத்தில் ஆளுக்கு ஒரு விதமாக இதைச் சொல்லிக்கொண்டு திரிவதால், சம்பந்தப்பட்டவனே ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றுகிறது.

கோழை செய்கிற முட்டாள்தனத்துக்கு ஓர் எல்லை உண்டு, பாதியிலேயே பயந்து விட்டுவிடுவான். பிடிவாதக்காரன் விடமாட்டான். நான் இரண்டும் கலந்த பிறவி. (என் அக்கா வார்த்தையில் சொன்னால், "பயந்தாங்கொள்ளிக்கு வைராக்கியம் வேற.")

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்த கதை இது. சாந்தோமில் ஒரு மாடிக் குடித்தனத்தில் அக்கா ஞானத்தோடும் அத்தானோடும் நான் இருந்தேன். அத்தான் ஓவர்சியர். மாம்பலத்தில் தோப்பையும் ஏரியையும் மூடி தியாகராய நகர் என்று புதுத் தெருக்கள் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் தினம் சைக்கிளில் போய் அந்தத் தெருக்கள் நேராகப் போகின்றனவா என்று பார்த்துவிட்டு, செம்மண் அப்பிய காலோடு வருவார். நான் கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். நிரந்தரமில்லை, ஒரு வருஷம் பரீட்சார்த்தம். வருஷக் கடைசியில் டாக்டரிடம் போய், 'இவர் தேகம் திடமாக இருக்கிறது' என்று சர்டிபிகேட் வாங்கிவந்தால்தான் வேலை உறுதி. அதை வாங்கிப் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டியவர் பள்ளிக்கூட மேனேஜர்.

சர்டிபிகேட்டுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது என் நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது.

நாலாம் வகுப்பில் கடிதம் எழுதும் முறை நடத்திக்கொண்டிருந்தேன். திடீரென்று உள்ளே யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. ஒரு அடி விட்டுப் போனது, பிறகு சேர்த்து இரண்டு அடி, அப்புறம் ஒரே ஓட்டம். கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு நிமிஷத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. எனக்குத்தான் அடங்கவில்லை. இருதய வியாதிக்காரனுக்கு எந்த மேனேஜர் வேலை கொடுப்பார்? அன்றைக்கே முடிவு செய்தேன். இது யாருக்கும் தெரியக் கூடாது, முக்கியமாக எந்த டாக்டருக்கும் தெரியக் கூடாது. சர்டிபிகேட் நாள் வரைக்கும் என் இருதயத்தை நானே பார்த்துக்கொள்வது, அதற்கு அப்புறம் அது எப்படியாவது போகட்டும்.

பள்ளிக்கூட சுகாதாரப் புத்தகத்தில், நாடி நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு அடிக்கும் என்று போட்டிருந்தது. சரி, எண்ணிப் பார்ப்போம் என்றால் கடிகாரம் வேண்டுமே. அத்தானிடம் ஒன்று இருந்தது. அவர் தகப்பனார் வைத்துவிட்டுப் போன பாக்கெட் கடிகாரம், செகண்டு முள்ளோடு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் கோட்டில் மாட்டிக்கொண்டு போவார், மற்ற நாளில் பெட்டியில் துணி சுற்றி வைத்திருப்பார். ஒரு நாள் காலை அதை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். (அந்த வீட்டில் ஒரு மனுஷன் தனியாக இருக்கக்கூடிய ஒரே இடம் அதுதான்.) கிணற்றுச் சுவரில் சாய்ந்து நாடியைப் பிடித்து முப்பது வரை எண்ணியிருப்பேன். "டேய் லூர்து" என்று மேலேயிருந்து அக்கா கூப்பிட்டாள். கடிகாரம் கையை விட்டு நேராகக் கிணற்றுக்குள் போய்விட்டது.

அப்போதே சொல்லியிருந்தால் ஒரு நாள் திட்டோடு போயிருக்கும். நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அத்தான் பெட்டியைக் கவிழ்த்துத் தேடியபோது நானும் கூடச் சேர்ந்து தேடினேன். அதோடு நின்றிருக்கலாம். "பளபளன்னு இருந்தா காக்கா விடாது அத்தான்" என்று ஒரு யோசனையும் சொன்னேன். மனுஷர் அதை அப்படியே நம்பிவிட்டார். ஒரு மாதம், தினம் விடிந்ததும் மொட்டை மாடிக்குப் போய்க் காக்காய்களைக் கல்லால் அடித்துக்கொண்டிருந்தார்.

கடிகாரம் போனால் என்ன, நிமிஷம் போய்விடுமா? நான் கிறிஸ்தவன். மாதாவைப் பார்த்துச் சொல்கிற சின்ன ஜெபம் ஒன்று உண்டு, பிரியதத்த மந்திரம் என்போம். நிதானமாக மூன்று தடவை சொன்னால் ஏறக்குறைய ஒரு நிமிஷம் ஆகும் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். வலது கை விரல் இடது மணிக்கட்டில் நாடியைப் பிடித்திருக்கும். இடது கையில் ஜெபமாலை, அடிக்கு ஒரு மணி உருட்டுவேன். வாய் மந்திரம் சொல்லும். மூன்று மந்திரம் முடிந்ததும் எத்தனை மணி உருண்டது என்று பார்த்துக்கொள்வேன். காலை, மதியம், மாலை என்று விடாமல் செய்தேன். மூலையில் முழந்தாளிட்டு ஜெபமாலையும் கையுமாக நான் இருப்பதைப் பார்த்து அக்காவுக்கு ஒரே பூரிப்பு. தம்பி சாமியாருக்குப் படிக்கக் குருமடத்தில் சேர்ந்தாலும் சேர்ந்துவிடுவான் என்று தெருவில் சொல்லிவைத்தாள். அதனால் எனக்கு வந்துகொண்டிருந்த இரண்டு வரன்கள் நின்றுபோயின.

இந்த ஏற்பாட்டில் ஒரு சின்னக் குறை இருந்தது. மனசு சாந்தமாக இருக்கும்போது மந்திரத்தை இழுத்து இழுத்துச் சொல்லுவேன், கணக்கு தொண்ணூறு காட்டும். நெஞ்சு தறிகெட்டு ஓடும்போது பயத்தில் மந்திரமும் தறிகெட்டு ஓடும், கணக்கு ஐம்பது காட்டும். ஆகவே, படபடப்பு வரும்போதெல்லாம் நாடி குறைகிறது, இருதயம் நிற்கப் போகிறது என்று நான் புரிந்துகொண்டேன். கணக்குப் பாடத்தில் முதல் வகுப்பில் தேறியவன் நான். இரண்டு மாதம் இதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

பயம் வந்தால் தூக்கம் வராது. தூக்கம் இல்லாவிட்டால் காலையில் காபி. அக்கா கையால் இரண்டு, தலைமையாசிரியர் வீட்டில் ஒன்று, மாலையில் மயிலாப்பூர்க் குளத்தங்கரைக் காபி கிளப்பில் இரண்டு. தெம்பு குறைகிறதென்று மூக்குப்பொடி வேறு பழகிக்கொண்டேன். இதெல்லாம் இருதயத்துக்குப் பலம் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

இந்தச் சமயத்தில்தான் கன்னியம்மா ஒரு வார்த்தை சொன்னாள். நொச்சிக்குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள் அவள். நாற்பது வயதிருக்கும். தலையில் கூடையோடு மாடிப்படி ஏறிவந்து, அக்காவோடு ஒரு மூச்சு சண்டை போட்டு, இரண்டு மீன் கூடப் போட்டுவிட்டுப் போவாள். அன்றைக்கு அக்கா கீழே இருந்தாள். நான் மூலையில் நாடியும் மாலையுமாக இருந்தேன். கன்னியம்மா கூடையை இறக்கிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னா வாத்யாரே, கையப் புட்ச்சிக்கினே கீற? நெஞ்சு கிஞ்சு அட்ச்சிக்குதா?"

"ஜெபம் பண்றேன்" என்றேன்.

"எனுக்கு அட்ச்சிக்கினே கீது வாத்யாரே. மாடி ஏறினா மூச்சு முட்டுது. ரெண்டு தபா கண்ணு இருட்டி மணல்லயே உக்காந்துட்டேன். காலு பாரு, எப்டி வீங்கிக்கினு கீது."

கால் வீங்கித்தான் இருந்தது. நான் ஜெபமாலையில் விட்ட இடத்தைத் தேடிக்கொண்டே, "வாயுதான். சுக்கு தட்டிக் கஷாயம் வச்சுக் குடி" என்றேன்.

"படிச்சவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

சர்டிபிகேட் வாங்க வேண்டிய திங்கட்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை சாயங்காலம். அக்கா இரண்டு வீடு தள்ளி ஒரு பிள்ளைத்தாய்ச்சியைப் பார்க்கப் போயிருந்தாள். அத்தான் மாம்பலத்தில் இருந்தார். நான் மட்டும் வீட்டில். அதுவரை ஆறு காபி ஆகியிருந்தது. ஒரு சிட்டிகை பொடியும் இழுத்தேன். திங்கட்கிழமை டாக்டர் குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டு உதட்டைப் பிதுக்குவது மாதிரி ஒரு நினைப்பு வந்தது. அவ்வளவுதான், நெஞ்சு பிய்த்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது. பாயில் சரிந்து நாடியைப் பிடித்தேன். மூன்று மந்திரத்துக்கு நாற்பது.

மறுபடியும் எண்ணினேன். முப்பத்தெட்டு.

முடிந்தது என்று தெரிந்துவிட்டது. அழுகை வந்தது. ஆனால் அந்த நிலையிலும் என் புத்தி எப்படி வேலை செய்தது பாருங்கள். டாக்டரைக் கூப்பிட்டால் எழுதி வைத்துவிடுவார், ஒருவேளை பிழைத்துக்கொண்டால் வேலை போய்விடும். சாமியார் எதையும் எழுதமாட்டார். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது அவர் நெஞ்சோடு போய்விடும். ஆகவே செத்தால் மோட்சம், பிழைத்தால் உத்தியோகம். இதைவிடப் பத்திரமான வழி கிடையாது.

அந்த நேரம் பார்த்துக் கன்னியம்மா மீனோடு மாடி ஏறி வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கூடையைப் போட்டுவிட்டாள்.

"இன்னா நைனா, இன்னா ஆச்சு? டாக்டரைக் கூட்டாரவா?"

"டாக்டர் வேணாம். சாமியாரைக் கூட்டிவா. அவஸ்தைப் பூசணும்னு சொல்லு."

அவள் எங்கள் வேதக்காரி இல்லை. இருந்தாலும் அந்தத் தெருவில் இருபது வருஷம் மீன் விற்றவளுக்கு அதன் அர்த்தம் தெரியாமல் இருக்குமா? "ஐயோ நைனா" என்று ஒரு வார்த்தை சொன்னாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். மாடிப்படியில் அவள் கால் சத்தம் தடதடவென்று இறங்கியது. ஓடாதே என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. சீக்கிரம் ஓடு என்றுதான் தோன்றியது.

கொஞ்ச நேரத்தில் மணிச் சத்தம் கேட்டது. அதை நான் மறந்துவிட்டிருந்தேன். சாகிறவனுக்கு நற்கருணை கொண்டுபோகும்போது சாமியார் தனியாக வரமாட்டார். முன்னால் கோயில் உபதேசியார் மணியடித்துக்கொண்டு வருவார். பார்த்தவர்கள் எல்லாம் தெருவில் முழந்தாளிடுவார்கள், பிறகு எழுந்து பின்னாலேயே வருவார்கள். ரகசியம் என்று நான் தேர்ந்தெடுத்த வழியில் சாந்தோம் தெருவே திரண்டு வந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். (சாகிறவன் எப்படி எழுந்தான் என்று கேட்காதீர்கள், அது எனக்கே அப்போது தோன்றவில்லை.) கூட்டத்துக்கு நடுவில், வெள்ளைப் போர்வைக்குள் நற்கருணையை ஏந்திக்கொண்டு, தலை குனிந்து வந்தார் எங்கள் கோயில் பங்குச் சாமியார்.

பங்குச் சாமியார்தான் பள்ளிக்கூட மேனேஜர்.

இரண்டு மாதமாக ராப்பகலாக யோசித்தவனுக்கு இந்த ஒரு விஷயம் எப்படித் தட்டுப்படாமல் போனது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பாயில் போய் விழுந்தேன். நாடி என்ன எண்ணிக்கை என்று பார்க்கத் தைரியமில்லை.

எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுச் சாமியார் பக்கத்தில் உட்கார்ந்தார். சாகும்போது பொய் சொன்னால் நேரே நரகம். ஆகவே எல்லாவற்றையும் சொன்னேன். நெஞ்சு படபடப்பதை மறைத்தேன், உங்களை ஏமாற்றி உத்தியோகத்தை உறுதி பண்ணிக்கொள்ளப் பார்த்தேன் என்று விசும்பிக்கொண்டே சொன்னேன். அவர், "ம்" என்றார். மன்னிப்பு மந்திரம் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார்.

கூட்டம் உள்ளே வந்தது. அக்கா தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். அவள் பின்னாலேயே, மாம்பலத்திலிருந்து அப்போதுதான் திரும்பிய அத்தான், செம்மண் காலோடு நின்றார். அவர் கண்ணில் நீர் நிறைந்திருந்தது. அதைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

"அத்தான், காக்கா எடுக்கல. உங்க கடிகாரத்தை நான்தான் கிணத்துல போட்டேன். என்னை மன்னிச்சிருங்க."

அத்தான் முழந்தாளிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "கடிகாரம் கிடக்குது மச்சான். எல்லாம் மன்னிச்சாச்சு. நீ நிம்மதியாப் போ" என்றார். அவரும் அழுதார், கூட்டமும் அழுதது. அவ்வளவு நல்ல மன்னிப்பு எனக்கு வாழ்க்கையில் அதற்கு முன்னால் கிடைத்ததில்லை.

பிறகு எண்ணெய். கண்ணில் தொட்டார், காதில் தொட்டார். மூக்கில் தொட்டுப் பஞ்சால் துடைத்தபோது பஞ்சு பழுப்பாக வந்தது. சாமியார் அதை வெளிச்சத்தில் ஒரு தரம் பார்த்தார். பிறகு பலமாக மூன்று தும்மல் தும்மினார். உபதேசியார் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு தடவை மணியடித்தார்.

எல்லாம் முடிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். கூட்டமும் காத்திருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. யாரோ இருமினார்கள். கால் நமைச்சல் எடுத்தது, சொறிந்துகொள்ளலாமா கூடாதா என்று தெரியவில்லை. அரை மணி நேரம் போனபிறகு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சாமியாருக்குச் சொல்லி அனுப்பினவன் டாக்டருக்கு ஏன்டா சொல்லி அனுப்பல?"

"டாக்டர் வேணாம்க்கா. நாடி நாப்பதுக்கு இறங்கிடுச்சு."

"மோட்சத்துக்கு வழி பண்ணியாச்சு. இங்கயே இருக்கறதுக்கும் ஒரு வழி பாத்துருவோம்" என்று அத்தானைத் திரும்பிப் பார்த்தாள். அத்தான் சைக்கிளில் ஏறிப் பறந்தார்.

அவர் கூட்டிவந்தது, திங்கட்கிழமை நான் பார்க்க வேண்டிய அதே மயிலாப்பூர் டாக்டரை. பஞ்சகச்சம், அதற்குமேல் கோட்டு, நெற்றியில் சந்தனம். தெருவில் காரை நிறுத்திவிட்டு, மாடியெல்லாம் உட்கார்ந்திருந்த ஜனங்களைத் தாண்டி வந்து, என் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். முதுகில் கேட்டார். கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"நாடி நாற்பதுன்னு உங்க அத்திம்பேர் சொன்னாரே, யார் எண்ணினா?"

"நான்தான்."

"கடிகாரம்?"

கூட்டத்தில் அத்தான் செருமினார். நான் மந்திரக் கணக்கைச் சொன்னேன். டாக்டர் தன் கடிகாரத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "எங்கே, அப்போ சொன்னாப்பலயே சொல்லும் பார்ப்போம்" என்றார். நான் மூன்று மந்திரமும் சொல்லி முடித்தேன்.

"இருபது செகண்டு. உம்ம நிமிஷம் இருபது செகண்டுல முடிஞ்சுடறது ஓய். நாற்பதை மூணால பெருக்கும். நீர் வாத்தியார்தானே? சரி, ஒரு நாளைக்கு எத்தனை காபி?"

"ரெண்டு" என்றேன்.

"ரெண்டு வீட்ல" என்றாள் அக்கா.

"பொடி உண்டோ?"

சாமியார் தாம்பாளத்திலிருந்த பழுப்புப் பஞ்சை எடுத்து டாக்டரிடம் காட்டினார்.

டாக்டர் குழாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "இருதயம் நன்னாத்தான் இருக்கு. காபி குடிச்சா படபடக்கும், பயந்தா படபடக்கும், தூங்காட்டா, ஜுரம் வந்தா, ரத்தம் குறைச்சலா இருந்தா படபடக்கும். கொஞ்ச நேரத்துல அதுவே அடங்கிடும். அடிக்கடி வந்தா ஒரு நடை வந்து காட்டிண்டு போகணும், அதுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனா படபடப்போட மூச்சு முட்டித்துன்னா, மார் வலிச்சா, கண்ணை இருட்டிண்டு மயக்கம் வந்தா, அப்போ ஒரு நிமிஷம் சும்மா உக்காந்திண்டிருக்கப்படாது. மொதல்ல டாக்டர். அப்பறந்தான் மத்தவா எல்லாம்."

மூச்சு முட்டினால். கண் இருட்டினால். இந்த வார்த்தைகளை யாரோ என்னிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள் என்று தோன்றியது. கூடவே, வீங்கிய இரண்டு பாதங்கள் ஞாபகத்துக்கு வந்தன.

"கன்னியம்மா எங்கே?" என்றேன்.

யாரும் கவனித்திருக்கவில்லை. மணியோசைக்குப் பின்னாலேயே ஓடிவந்தவள், மேற்படியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கூட்டம் அவளைத் தாண்டித்தான் போய்வந்துகொண்டிருந்தது. அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். உதடு கறுத்திருந்தது. வேர்வையில் ரவிக்கை நனைந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி ஏறி இறங்கியது. ஒரு கையால் நெஞ்சைப் பிடித்திருந்தாள்.

என்னைப் பார்த்ததும், "நல்லா கீறியா நைனா?" என்றாள். அதற்குள் கண் சொருகிவிட்டது.

"டாக்டர்" என்று கத்தினேன். அவர் வந்து நாடியைப் பிடித்தார், குழாய் வைத்தார். என் நெஞ்சில் வைத்தபோது இருந்த முகம் இல்லை அது. "காருக்குக் கொண்டுபோகணும். பெரியாஸ்பத்திரி. நடக்க விடாதேங்கோ" என்றார்.

அத்தானின் பிரம்பு நாற்காலியை இழுத்துவந்தேன். அவளைத் தூக்கி உட்காரவைத்தோம். முன்னால் அத்தான், பின்னால் நான், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அந்தக் குறுகலான படியில் ஒவ்வொரு படியாக இறங்கினோம். நெஞ்சு அடித்துக்கொண்டது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இவள் போய்விடக் கூடாது, சுக்கு குடி என்று நான் சொன்ன வார்த்தையோடு இவள் போய்விடக் கூடாது என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு நினைப்பே கிடையாது.

தெருவில் இறங்கினபோதுதான் கூட்டத்தைப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் எனக்காக முழந்தாளிட்டவர்கள். அவர்கள் பார்த்தது இதுதான்: அவஸ்தைப் பூசின மனுஷன், கண்ணிமையில் எண்ணெய் பளபளக்க, காதோரம் பஞ்சு ஒட்டியிருக்க, ஓர் ஆளைத் தூக்கிக்கொண்டு வருகிறான். "புதுமை" (அற்புதத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) என்று ஒரு கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார். நாலைந்து பேர் மறுபடி முழந்தாளிட்டார்கள். வழியை விடுங்கள் என்று அவர்களைக் கும்பிட்டுக் கேட்க வேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்தார்கள். அவள் இருதயத்துக்குள் இருக்கிற கதவு ஒன்று ரொம்ப நாளாகவே சரியாக மூடவில்லை என்றும், இன்னும் ஒரு மணி நேரம் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தால் திரும்பியிருக்கமாட்டாள் என்றும் டாக்டர் சொன்னார். தினம் சொட்டு மருந்து, கூடை சுமக்கக் கூடாது, மாடி ஏறக் கூடாது. பிறகு அவள் கோயில் மதிலோரம் உட்கார்ந்தபடியே பல வருஷம் மீன் விற்றாள். எங்கள் வீட்டு மீனை நானே போய் வாங்கிவருவேன், இல்லாவிட்டால் அக்கா சோறு போடமாட்டாள்.

சர்டிபிகேட்டும் கிடைத்தது. "ஒரு ஆளைத் தூக்கிண்டு மாடி இறங்கினவருக்கு இன்னும் என்ன சோதனை" என்று டாக்டர் நின்றபடியே எழுதிக்கொடுத்தார். சாமியாரிடம் கொண்டுபோனேன். அவர் அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"உன் நெஞ்சுல என்ன இருந்துச்சுன்னு எனக்கு ஒன்னும் தெரியாது, லூர்து. தெரிஞ்சிருந்தாலும் எனக்குத் தெரியாது. ஆனா மூக்குல என்ன இருந்துச்சுன்னு தெரியும். அதை நீ பாவசங்கீர்த்தனத்துல சொல்லல. பள்ளிக்கூடத்துல இனிமே பொடி கூடாது" என்றார்.

அத்தான் விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தோம். அத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்த்தார்.

"மச்சான், நான் ஒரு மன்னிப்பு குடுத்தேனே."

"ஆமாம் அத்தான்."

"அது சாகப்போறவனுக்குக் குடுத்தது. நீ சாகல. திருப்பிக் குடு."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "எத்தனை காக்கா" என்றார். அடுத்த கோடையில் கிணறு தூர் வாரினபோது கடிகாரம் அகப்பட்டது. ஓடவில்லை. அத்தான் அதை மறுபடியும் ஞாயிறுதோறும் கோட்டில் மாட்டிக்கொண்டார். மணி என்ன என்று யாராவது கேட்டால், எடுத்துப் பார்த்து, "ஆறேகால். லூர்து போட்ட நேரம்" என்பார். முப்பது வருஷம் சொன்னார்.

கன்னியம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு நாள் தனியாகப் போனேன். சொல்லவேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனேன். கட்டில் பக்கத்தில் நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது.

"நீ நெஞ்சு அடிச்சுக்குதுன்னு சொன்னே. நான் கேக்கல. சுக்கு குடின்னேன். அப்புறம் உன்னை ஓடவும் விட்டேன். என்னை மன்னிச்சிரு கன்னியம்மா."

அத்தான் மன்னிப்பைத் திருப்பி வாங்கின கதை அதற்குள் குப்பம் வரைக்கும் போயிருந்தது.

"எட்த்துக்க நைனா" என்றாள். "உங்க அத்தானாட்டம் அப்பால வந்து திருப்பிக் கேக்க மாட்டேன்."

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் மன்னிப்பு இரண்டு வகை. யாராவது ஏதாவது உடைத்துவிட்டு வந்து நின்றால், முதலில் கேட்கிற கேள்வி, "எது வேணும், அத்தான் மன்னிப்பா, கன்னியம்மா மன்னிப்பா?" என்பதுதான். போன வாரம் என் மனைவியின் மூக்குக்கண்ணாடிமேல் தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன். உடனே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அவள் அத்தான் மன்னிப்புதான் கொடுத்தாள். சாயங்காலம் வரை பார்த்துவிட்டுத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.